படிக்கப் போன நாட்டில் பழங்குடிப் பாடம்

நியூஜிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக் கழகம் 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பட்டப் படிப்பில் சேரும் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும், அவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும், ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் படித்துத் தேற வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் அறிவு மரபு, அவர்களுக்கும் பிரிட்டிஷ் முடியாட்சிக்கும் 1840ல் ஏற்பட்ட ஒப்பந்தம், பல்கலைக் கழகம் நிற்கும் மண்ணின் பழைய வரலாறு ஆகியவை அப்பாடத்தில் இடம் பெற்றன. உள்ளூர் மாணவர், வெளிநாட்டு மாணவர் என்ற பேதம் வைக்கப்படவில்லை.

உடனே சர்ச்சை கிளம்பிற்று. கணக்கும் கம்ப்யூட்டரும் படிக்க வந்தவனுக்கு மாவோரிக் கதை எதற்கு என்று ஒரு சாரார் கேட்டனர். வெளிநாட்டு மாணவர்கள் உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் செலுத்துகிறவர்கள். இந்த ஒரு பாடத்துக்கும் அவர்கள் அதே விகிதத்தில் பணம் கட்ட நேர்ந்தது. ஆளும் கூட்டணியில் அங்கம் வகித்த ஆக்ட் கட்சியும் கட்டாயத்தை எதிர்த்தது. ஆண்டு முடிவதற்குள்ளாகவே பல்கலைக் கழகம் பிடியைத் தளர்த்தி, பெரும்பாலான பட்டப் படிப்புகளுக்கு இதனை விருப்பப் பாடமாக மாற்ற முடிவு செய்தது.

எங்கோ தென் கடலில் நடந்த இந்த விவகாரத்தில் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. நியூஜிலாந்துக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களுக்கு அடுத்தபடி இந்தியர்களே அதிகம். 2023ல் அங்கு எடுக்கப்பட்ட குடிக்கணக்கின்படி மொத்த ஜனத்தொகை சுமார் 50 லட்சம். அதில் மாவோரிகள் நூற்றுக்கு 17.8 பேர். இந்தியர்கள் 2 லட்சத்து 92 ஆயிரம் பேர். ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் மாவோரிகளுக்கும் அடுத்த மூன்றாவது பெரிய இனம் இந்தியர்கள்தாம். வீட்டை அடகு வைத்தும், பாங்கியில் கடன் வாங்கியும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், அந்தப் பிள்ளைகள் எந்த மண்ணில் போய் இறங்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரு மொழியில் ஓர் ஒப்பந்தம்

1840ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, வைட்டாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதி ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஆங்கில வாசகத்தை மாவோரி மொழியில் பெயர்த்தவர் ஹென்ரி வில்லியம்ஸ் என்ற பாதிரியார். மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே இரவில் அவர் அந்த வேலையை முடித்தார்.

நாட்டின் முழு இறையாண்மையையும் தலைவர்கள் மகாராணிக்கு விட்டுக் கொடுத்ததாக ஆங்கிலப் பிரதி கூறுகிறது. மாவோரிப் பிரதியிலோ, ‘கவர்னர்’ என்ற சொல்லிலிருந்து உண்டாக்கப்பட்ட ‘காவனாட்டங்கா’ என்ற பதம் அந்த இடத்தில் இருக்கிறது. நிர்வாகம் செய்யும் அதிகாரம் என்ற அளவிலேயே அதற்குப் பொருள். நிலத்தின் மீதும், ஊர்களின் மீதும், அருஞ்செல்வங்களின் மீதும் தலைவர்களுக்குள்ள முழு உரிமை அப்படியே நீடிக்கும் என்று அடுத்த ஷரத்து உறுதி கூறுகிறது. ஒப்பமிட்டவர்கள் சுமார் 540 தலைவர்கள். அவர்களில் ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர்கள் 39 பேர் மட்டுமே. மற்ற அனைவரும் தங்கள் மொழியில் எழுதியதைக் கேட்டறிந்தே சம்மதித்தார்கள்.

சர்க்கார் காகிதம் ஒரு மொழியிலும் ஜனங்களின் பேச்சு வேறொரு மொழியிலும் இருக்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. யுத்தம், பறிமுதல், 1865ல் ஏற்பட்ட நிலக் கோர்ட்டின் தீர்ப்புகள் என்று பல வழிகளில் நிலம் கைமாறிற்று. மாவோரிகளிடம் எஞ்சியது நாட்டின் நிலப்பரப்பில் சுமார் இருபதில் ஒரு பங்குதான்.

1975ல் வினா கூப்பர் என்ற மூதாட்டி வடகோடியிலிருந்து தலைநகர் வெலிங்டன் வரை ஒரு நடைப்பயணத்துக்குத் தலைமை வகித்தார். அப்போது அவருக்கு வயது 79. இனி ஓர் ஏக்கர் மாவோரி நிலமும் கைவிட்டுப் போகக் கூடாது என்பதே கோரிக்கை. அதே ஆண்டு வைட்டாங்கி நடுவர் மன்றம் சட்டப்படி அமைக்கப்பட்டது. முதலில் அன்றைய குறைகளை மட்டுமே விசாரித்த அம்மன்றத்துக்கு, 1840 முதல் நடந்த அநீதிகள் அனைத்தையும் விசாரிக்கும் அதிகாரம் 1985ல் கிடைத்தது. இதன் பிறகே உடன்பாடுகள் வரத் தொடங்கின. 1995ல் வைக்காட்டோ இனத்தாருக்கு 17 கோடி டாலர் மதிப்புள்ள நிலமும் பணமும் வழங்கப்பட்டன. மன்னிப்பு வாசகம் அடங்கிய அந்தச் சட்டத்தில் எலிசபெத் மகாராணி நேரில் கையெழுத்திட்டார். 2017ல் வாங்கனுயி ஆறு சட்டத்தின் கண்ணில் ஒரு நபராகவே அங்கீகரிக்கப்பட்டது.

மொழிக் கூடு

நிலத்தோடு மொழியும் போயிற்று. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவோரிப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி. பிற்காலத்தில் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிபட்டவர்கள், தம் பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்று வீட்டிலும் ஆங்கிலத்தையே பேசினார்கள். 1913ல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தம் மொழியைப் பேசினர். 1975ல் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பலர் கிராமத்தை விட்டு நகர வேலைக்கு வந்ததும் இதற்கு ஒரு காரணம்.

1972ல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளுடன் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு போயிற்று. பள்ளியில் எங்கள் மொழியைக் கற்றுக் கொடுங்கள் என்பதே வேண்டுகோள். பத்து ஆண்டு கழித்து, 1982ல், வெலிங்டனை அடுத்த வைனுயியோமாட்டாவில் ‘கோஹங்கா ரியோ’ ஒன்று திறக்கப்பட்டது. மொழிக் கூடு என்று பெயரைத் தமிழாக்கலாம். மொழி தெரிந்த பாட்டன் பாட்டிமார் பகலெல்லாம் கைக்குழந்தைகளோடு மாவோரியிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். பாடப் புத்தகம் வரட்டும், ஆசிரியர் நியமனம் ஆகட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கூட்டிலிருந்து வெளியே வந்த குழந்தைகளுக்கு 1985ல் ஆரம்பப் பள்ளி பிறந்தது. 1987ல் மாவோரி ஆட்சி மொழி ஆயிற்று. 2023ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மாவோரியில் உரையாடத் தெரிந்தவர்கள் 2 லட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல்.

அரசாங்கம் மொழிக்குத் தரும் அந்தஸ்து ஒரு பக்கம். அடுக்களையில் அது பேசப்படுவது இன்னொரு பக்கம். வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழர்களின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் வீட்டில் எந்த மொழியில் பதில் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்கு, இங்கிருந்து போகும் மாணவர் அங்கே கற்கத்தக்கது என்ன என்பது புரியும்.

மசோதாவும் ஊர்வலமும்

பிரச்னை தீர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2023 இறுதியில் பதவியேற்ற கூட்டணி அரசில் ஆக்ட் கட்சித் தலைவர் டேவிட் சீமோர், ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்குப் புது விளக்கம் தரும் ஒரு மசோதாவை 2024 நவம்பரில் கொண்டுவந்தார். சட்டத்தின் முன் அனைவரும் சமம், எவருக்கும் தனிச் சலுகை ஆகாது என்பது அவருடைய வாதம். உடன்படிக்கை செய்தவர்களில் ஒரு தரப்பு மட்டும், நூற்றெண்பது ஆண்டுக்குப் பிறகு, பெரும்பான்மை ஓட்டைக் கொண்டு அதன் பொருளை மாற்றுவது எப்படி நியாயம் என்பது மாவோரிகளின் பதில்.

மசோதாவின் முதல் வாசிப்பின் போது, சபையின் மிக இளைய உறுப்பினரான ஹானா ராவிட்டி மைப்பி கிளார்க் மசோதாவின் பிரதியைக் கிழித்துவிட்டு, மாவோரிகளின் ‘ஹாக்கா’ முழக்கத்தைத் தொடங்கினார். பார்வையாளர் பகுதியும் சேர்ந்து முழங்கவே சபை ஒத்திவைக்கப்பட்டது. சில நாட்களில், போலீஸ் மதிப்பீட்டின்படியே 42,000 பேர் பாராளுமன்றத்தின் முன் திரண்டனர். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்து மூலமான கருத்துகள் தெரிவுக் குழுவுக்குக் குவிந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மசோதாவுக்கு எதிரானவை. 2025 ஏப்ரல் 10ஆம் தேதி மசோதா 112க்கு 11 என்ற ஓட்டுக் கணக்கில் தோற்றது. ஹாக்கா முழங்கியதற்காக அந்த இளம் உறுப்பினர் ஜூன் மாதத்தில் ஏழு நாள் சபையிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார்.

ஆக்லாந்து பல்கலைக் கழகத்தின் கட்டாயப் பாடம் வந்ததும் தளர்ந்ததும் இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான். கனடாவிலும் இதே போக்கு உண்டு. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்த கொடுமையை விசாரித்த கமிஷன், 2015ல் 94 பரிந்துரைகளைச் செய்தது. அதையொட்டி 2016ல் லேக்ஹெட், வின்னிபெக் பல்கலைக் கழகங்கள் எல்லா மாணவருக்கும் பூர்வகுடிப் பாடத்தைக் கட்டாயமாக்கின. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளின் ஆலோசனைச் சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் தரும் யோசனை, 2023 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபது பேரால் நிராகரிக்கப்பட்டது. இந்திய மாணவர் அதிகம் போகும் இந்த நாடுகளில் எங்கே போனாலும் இந்தக் கேள்வி எதிரே வந்து நிற்கிறது.

தமிழ் எழுத்துள்ள மணி

நியூஜிலாந்துக்கும் தமிழுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், வட பகுதியில் வாங்கரேயை அடுத்த மாவோரிக் குடியிருப்பில் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். பெண்கள் அதில் உருளைக் கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தனர். காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததென்று அவரிடம் கூறப்பட்டது. ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அவர் அதை வாங்கிக்கொண்டார். பார்த்தால், அது உடைந்த கப்பல் மணி. அதன் மேல் ஓடும் எழுத்துகள் தமிழ்! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அந்த வாசகம் கூறுகிறது. வெலிங்டன் நகரில் உள்ள தே பாப்பா தேசியப் பொருட்காட்சி சாலையில் அம்மணி பாதுகாக்கப்படுகிறது.

இதை வைத்துத் தமிழர்தாம் முதலில் நியூஜிலாந்தைக் கண்டனர் என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. மணி அப்படி எதுவும் சொல்லவில்லை. கடல் வாணிபம் செய்த ஒரு தமிழ் முஸ்லிமின் கப்பலுக்குரியது என்பதுதான் அதில் தெரிகிறது. அந்த மணி கரை சேர்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே மாவோரிகள் அங்கே குடியிருந்தனர். பூர்வகுடியைப் பற்றிப் படிக்கப் போகிறவர், தம் இனத்தின் பெருமைக்கு ஒரு சான்று தேடிக்கொண்டு போவது சரியான தொடக்கம் ஆகாது.

விருந்தாளியும் ஆராய்ச்சியாளரும்

அங்குள்ள பல்கலைக் கழகங்கள் பலவற்றில் ‘மராய்’ எனப்படும் மாவோரிச் சபா மண்டபம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே சம்பிரதாய வரவேற்பு நடக்கும். அறிமுகம் செய்துகொள்ளும் முறை விசேஷமானது. முதலில் தன்னுடைய மலை எது, ஆறு எது, முன்னோர் வந்த ஓடம் எது, குலம் எது என்று சொல்லிவிட்டுக் கடைசியில்தான் பெயரைச் சொல்வார்கள். அயல்நாட்டு மாணவர்களையும் இப்படிச் சொல்லிப் பழகச் செய்வது உண்டு.

பெங்களூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை எந்த ஆற்றைச் சொல்வான்? தென்பெண்ணை நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஒசகோட்டே வழியாக வந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பாலாறும் அந்த மலைப் பக்கத்துப் பிறப்புதான். பிறந்த இடம் கன்னட நாடு, போய்ச் சேரும் இடம் தமிழ் நாடு என்ற ஆறுகளின் கதை, இங்குள்ள பல குடும்பங்களின் கதைக்கு மறுதலை. இதைச் சொல்லத் தெரிந்த மாணவர் மராயில் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. படிக்க வருகிறேன் என்று வந்து, பாட்டையும் கதையையும் குறித்துக்கொண்டு போய்ப் பட்டம் பெறுகிறவர்களால் அந்த மக்களுக்கு என்ன லாபம்? மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999ல் எழுதிய ஆராய்ச்சி முறை பற்றிய நூல் இந்தக் கேள்வியை உலகமெங்கும் எழுப்பிற்று. கேள்வி யாருடையது, யார் கேட்கச் சொன்னது, விடை யார் கைக்குப் போகிறது என்பவற்றை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. ஆறு வாரச் சுற்றுப்பயணத்தில் ஹாக்கா ஆடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் கல்வி முறைக்கு இது நேரான கண்டனம்.

கட்டாயப் பாடத்தை எதிர்த்த வெளிநாட்டு மாணவரின் குறையும் முற்றிலும் தள்ளத்தக்கது அல்ல. பணம் அவர் பணம். பாடத்தைத் திணிப்பதால் மரியாதை பிறக்காது. கட்டணத்தைக் குறைத்திருந்தால் எதிர்ப்பின் வேகம் தணிந்திருக்கலாம். ஆனால் வேலை, குடியுரிமை என்று அந்த நாட்டிலேயே தங்கிவிடும் எண்ணத்தோடு போகிறவருக்கு, அந்த நாட்டின் மூல உடன்படிக்கை தமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்ல வழியில்லை. அவருக்கு அங்கே வாழும் உரிமை வந்ததே அந்த உடன்படிக்கையின் பேரால்தான். கர்நாடகத்தில் வாழும் தமிழர் கன்னடம் கற்பதால் தமிழ் குறைந்துவிடுவதில்லை என்பதை இங்குள்ள பெரியவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். பல பண்பாடுகள் ஒன்றாக வாழ்வது என்றால், முன்பே இருந்தவரை அறிந்துகொள்ளும் கடமை பின்னால் வந்தவருக்கு உண்டு.

நம் வீட்டுக் கணக்கு

வெளிநாட்டில் பூர்வகுடிப் பாடம் கேட்கும் மாணவரிடம் சக மாணவர் கேட்கும் அடுத்த கேள்வி, உங்கள் நாட்டில் எப்படி என்பதுதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் பழங்குடியினர் 10 கோடியே 43 லட்சம் பேர். ஜனத்தொகையில் நூற்றுக்கு 8.6. நியூஜிலாந்தின் மொத்த ஜனத்தொகையைப் போல் இருபது மடங்கு இது. கர்நாடகத்தில் மட்டும் 42 லட்சத்துக்கு மேல். ஜேனு குருபர், கொரகர் ஆகிய இரு சமூகத்தாரும் மிகவும் நலிந்த பழங்குடிப் பிரிவில் வைக்கப்பட்டிருப்பவர்கள். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை தரும் பாதுகாப்பு கர்நாடகத்துக்கும் இல்லை, தமிழ்நாட்டுக்கும் இல்லை. 2025 மே மாதத்தில் ஜேனு குருபர் குடும்பங்கள் சில, தங்கள் முன்னோர் வெளியேற்றப்பட்ட நாகரஹோளேக் காட்டு ஊருக்குத் திரும்பிப் போய்க் குடிசை போட்டு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்டன. பெங்களூரிலிருந்து ஒரு நாள் பஸ் பயணத்தில் அடையக்கூடிய இடம்; ஆயினும் மாவோரி ஊர்வலத்தைப் படத்தில் பார்த்தவர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டார்கள்?

ஐ.நா. பொதுச் சபை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை 2007 செப்டம்பரில் நிறைவேற்றிற்று. ஆதரவு 143 ஓட்டு. எதிர்த்தவை நான்கு நாடுகள்: ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, நியூஜிலாந்து. இந்தியா ஆதரித்தது. ஆனால் இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தாம் என்று நம் அரசாங்கம் ஒரு விளக்கமும் கூறிவருகிறது. எதிர்த்து ஓட்டளித்த நியூஜிலாந்து 2010ல் பிரகடனத்தை ஏற்றது. அதன் நடுவர் மன்றமும் தொடர்ந்து வேலை செய்தது. ஐ.நா.வில் கை தூக்குவதும், உள்ளூரில் காரியம் நடப்பதும் வேறு வேறு.

உதவித் தொகையில் ஒரு நிபந்தனை

வெளிநாடு சென்று படித்துவந்து தம் மக்களுக்காகப் பேசியவர்களுக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. முண்டா பழங்குடியில் பிறந்த ஜெயபால் சிங் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர். அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக நின்றவர் அவரே. ஜனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு மற்றவர் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து மற்றவர்தாம் கற்க வேண்டும் என்று 1946 டிசம்பரில் அவர் எடுத்துரைத்தார்.

இன்று அப்படி ஒருவர் போக வேண்டுமானால் அரசாங்க உதவித் தொகைதான் வழி. பழங்குடி மாணவர்களுக்கான வெளிநாட்டுக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 20 இடங்கள். பத்துக் கோடிப் பேருக்கு 20 இடம்! தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் ஆகியோருக்கான திட்டத்தில் 125 இடங்கள். அந்தத் திட்டத்தின் விதிகளில் 2022ல் ஒரு நிபந்தனை நுழைக்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு இந்த உதவி கிடையாது. இவற்றை உள்நாட்டிலேயே நன்கு படிக்கலாமே என்பது சர்க்கார் தரப்பில் கூறப்பட்ட காரணம்.

காரணம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட குடும்பத்து மாணவர் ஒருவர் அரசாங்கப் பணத்தில் ஆக்லாந்து போய் மாவோரிகள் நிலம் இழந்த கதையை ஆராயலாம். தம் சொந்த ஜனங்கள் நிலம் இழந்த கதையை அதே அளவுகோலால் ஆராய அவருக்கு உதவி இல்லை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை அதே ஆராய்ச்சியைச் சொந்தப் பணத்தில் செய்வதை எவரும் தடுக்கவில்லை. இந்த நிபந்தனையை எடுத்துவிடுவதே முறை. 20 இடங்களையும் உயர்த்த வேண்டும்.

உள்நாட்டில் செய்யக்கூடியதும் இல்லாமற் போகவில்லை. ஒடிசா மாநிலம் 2006-07 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியில் பாடம் நடத்தி வருகிறது. அமர்கண்டகத்தில் பழங்குடிகளுக்கென மத்தியப் பல்கலைக் கழகம் இருக்கிறது. மற்றக் கல்லூரிகளில் மாணவர் தம் மாவட்டத்துப் பழங்குடிகளைப் பற்றி ஒரு பாடமாவது கேட்பதற்கு வழி செய்தால், வெளிநாடு போகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பாஸ்போர்ட், விசா, பாங்கிக் கடன் பத்திரம், கம்பளிச் சட்டை என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக்கொள்வது நலம். போகும் நாட்டின் மண்ணுக்கு முதலில் உரியவர் யார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். புறப்படும் முன் ஒரு முறையாவது நாகரஹோளேப் பக்கமோ பிளிகிரிரங்கன் மலைப் பக்கமோ போய், அங்குள்ளவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் பஸ் சார்ஜ் மட்டுமே.